ஈ.சி.ஜி. வந்த வழி: லெய்டன் முதல் ஈரோடு வரை

நம் குடியிருப்பில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களில் ஈ.சி.ஜி. எடுக்காதவர் யாரும் இருக்க மாட்டார்கள். பீரோவில் பட்டா, பாஸ்புக், கேஸ் புத்தகம் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். அதற்குள் இளஞ்சிவப்புக் கட்டம் போட்ட நீளமான தாள், நாலாக மடித்தது. அதைப் பிரித்துப் பார்க்கிறவர் இல்லை. "நார்மல்னு சொல்லிட்டாருங்க" என்பதோடு சரி.

மாஸ்டர் செக்கப்பில் எடுக்கும் அந்தத் தாளைப் பற்றியதல்ல இந்தக் கட்டுரை. நடுராத்திரி நெஞ்சு வலியோடு ஒருவர் அவசர சிகிச்சைப் பிரிவுக்குள் நுழைந்த பத்து நிமிடத்துக்குள் எடுக்க வேண்டும் என்று உலகம் முழுக்க விதி வைத்திருக்கிறார்களே, அந்தத் தாளைப் பற்றியது. அந்த விதி எப்படி வந்தது, அந்தத் தாள் யார் கையில் போய்ச் சேர வேண்டும் என்பதில் நம் கோவை, ஈரோடு பக்கத்துக்கு என்ன பங்கு என்று படித்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். நான் பி.காம். படித்துவிட்டு வங்கியில் லெட்ஜர் எழுதிக் காலம் தள்ளியவன். மருத்துவ ஆலோசனை எதுவும் இதில் இல்லை, வரலாறு மட்டும்தான்.

இதயம் துடிக்கும்போது மிகச் சிறிய மின்சாரம் உண்டாகிறது, அதை உடம்பின் மேல்தோலிலேயே பிடிக்கலாம் என்று 1887-இல் லண்டனில் அகஸ்டஸ் வாலர் என்பவர் காட்டினார். அவர் வீட்டில் ஜிம்மி என்று ஒரு நாய். அதன் கால்களை உப்புத் தண்ணீரில் நிற்க வைத்து, அதன் இதய மின்சாரத்தைக் கூட்டத்தில் எல்லோருக்கும் காட்டுவார். நாயைக் கொடுமைப்படுத்துகிறார் என்று 1909-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் கேள்வி கேட்கும் அளவுக்குப் போய்விட்டது. கடலில் கால் நனைத்தவருக்கு ஆகும் கொடுமைதான் அதற்கும் ஆயிற்று! ஆனால் வாலருக்கே தன் கண்டுபிடிப்பு மருத்துவமனையில் பெரிதாகப் பயன்படும் என்ற நம்பிக்கை இருக்கவில்லை.

நம்பியவர் வில்லெம் ஐந்தோவன். டச்சுக்காரர், ஆனால் பிறந்தது இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில், 1860-இல். ஹாலந்தின் லெய்டன் நகரில் பேராசிரியராக இருந்தார். இதயத்தின் மின்சாரம் ஒரு வோல்ட்டின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே வருவது. அதற்கு அசைந்து கொடுக்க வேண்டுமென்றால் கம்பி மகா மெல்லியதாக இருக்க வேண்டும். குவார்ட்ஸ் கல்லை உருக்கி, அதை ஒரு அம்போடு ஒட்டி, வில்லில் வைத்து எய்து, அம்பு பறக்கும் வேகத்தில் இழுபடும் இழையைப் பிடித்தார்கள். அதன் மேல் வெள்ளிப் பூச்சு. தறி ஓடும் ஊர்க்காரர்களாகிய நமக்குத் தெரிந்த எந்தக் கவுண்ட் நூலும் அதன் பக்கத்தில் கயிறு மாதிரிதான். அந்த இழையைப் பெரிய காந்தத்தின் நடுவில் தொங்கவிட்டு, அது ஆடுவதை வெளிச்சம் பாய்ச்சிப் புகைப்படமாகப் பிடித்தார். அலைகளுக்கு அவர் வைத்த பெயர்கள்தான் பி, கியூ, ஆர், எஸ், டி. இன்றைக்கும் அதேதான்.

இயந்திரம் 270 கிலோ எடை. இயக்க ஐந்து பேர் வேண்டும். காந்தம் சூடாகாமல் இருக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நோயாளி இரண்டு கையையும் ஒரு காலையும் உப்புத் தண்ணீர் பாத்திரங்களில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இப்படிப்பட்ட சாமானை மருத்துவமனைக்குத் தூக்கிப் போக முடியாது. நடக்க முடியாத நோயாளியை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவரவும் முடியாது. ஐந்தோவன் என்ன செய்தார் என்றால், மருத்துவமனையிலிருந்து ஆய்வுக்கூடம் வரை ஒன்றரை கிலோமீட்டர் தொலைபேசிக் கம்பியை இழுத்து, நோயாளியின் இதய மின்சாரத்தை மட்டும் அதில் வரவழைத்தார். இது நடந்தது 1905-இல். நோயாளி ஓரிடம், ஈ.சி.ஜி. ஓரிடம். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். ஐந்தோவனுக்கு 1924-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆச்சரியம் என்னவென்றால், ஈ.சி.ஜி. வந்த காலத்தில் மாரடைப்பு என்ற வியாதியே மருத்துவர்களுக்குச் சரிவரத் தெரியாது. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்துக்கொண்டால் ஆள் அந்த இடத்திலேயே இறந்துபோவார் என்றுதான் எண்ணியிருந்தார்கள். பிரேதப் பரிசோதனையில் கண்டுபிடிக்கிற விஷயம் அது. 1912-இல் சிகாகோவின் ஜேம்ஸ் ஹெரிக், அடைப்பு வந்தும் ஆட்கள் சில மணி நேரமோ சில நாட்களோ பல வருடமோகூட உயிரோடு இருக்கலாம், உயிரோடு இருக்கும்போதே கண்டுபிடிக்கலாம் என்று எழுதினார். யாரும் கண்டுகொள்ளவில்லை. 1920-இல் நியூயார்க்கின் ஹெரால்ட் பார்டி, அடைப்பு வந்தவரின் ஈ.சி.ஜி.யில் ஒரு குறிப்பிட்ட இடம் மேலே தூக்கிக்கொள்வதைக் காட்டினார். எஸ் அலைக்கும் டி அலைக்கும் நடுவில் சமதளமாக ஓட வேண்டிய கோடு, பாலத்துக்கு ஏறும் ரோடு மாதிரி எழும்பி நிற்கும். இதைத்தான் எஸ்.டி. தூக்கல் என்கிறார்கள். இப்போது ஆஸ்பத்திரிகளில் 'ஸ்டெமி' என்று பேசிக்கொள்வது இந்தத் தூக்கலோடு வரும் மாரடைப்பைத்தான்.

கோடு ஏன் தூக்குகிறது? குழாய் முழுவதும் அடைத்துப்போய், ரத்தம் கிடைக்காமல் தவிக்கிற தசைக்கும் பக்கத்தில் நல்லபடியாக இருக்கிற தசைக்கும் மின்னழுத்தம் ஒத்துப்போவதில்லை. அந்த வேறுபாடு கோட்டில் தெரிகிறது. தசை இன்னும் சாகவில்லை, செத்துக்கொண்டிருக்கிறது என்று அதற்கு அர்த்தம்.

ஐந்தோவன் மூன்று கோணத்தில் மட்டும் பார்த்தார். 1930-களில் ஃபிராங்க் வில்சனின் ஆராய்ச்சியை வைத்து நெஞ்சின் மேல் ஆறு இடங்களையும், 1942-இல் இம்மானுவேல் கோல்ட்பெர்கர் கை கால்களிலிருந்து இன்னும் மூன்று கோணங்களையும் சேர்த்தார்கள். ஆகப் பன்னிரண்டு. நம் உடம்பில் ஒட்டுவது பத்து ஒயர்தான், வரைவது பன்னிரண்டு படம். ஒரே கணக்கைப் பன்னிரண்டு பேரேடுகளில் பார்க்கிற மாதிரி. எந்தப் பேரேட்டில் இடிக்கிறது என்பதை வைத்து, தப்பு எந்தக் கவுன்ட்டரில் நடந்தது என்று சொல்லிவிடலாம். நெஞ்சின் முன்பக்கப் படங்களில் தூக்கினால் இதயத்தின் முன்சுவர். இரண்டு, மூன்று, ஏ.வி.எஃப். என்ற படங்களில் தூக்கினால் கீழ்ச்சுவர். காகிதம் ஒரு நொடிக்கு 25 மில்லிமீட்டர் ஓடுகிறது. சின்னக் கட்டம் ஒன்று ஒரு மில்லிமீட்டர். அந்தக் கட்டத்தில் ஒன்றிரண்டு ஏறியிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

கண்டுபிடித்தாயிற்று. அப்புறம்? அப்புறம் ஒன்றும் இல்லை என்பதுதான் அடுத்த நாற்பது வருடக் கதை. ஆறு வாரம் படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான் வைத்தியம். 1960-களில் கொஞ்சம் மாறியது. எடின்பரோவின் டெஸ்மண்ட் ஜூலியன், மாரடைப்பு வந்தவர்களை எல்லாம் ஒரே வார்டில் வைத்து, ஈ.சி.ஜி.யைத் திரையில் ஓடவிட்டு, துடிப்பு தடம் மாறினால் உடனே மின் அதிர்ச்சி கொடுத்து மீட்கலாம் என்று 1961-இல் சொன்னார். இன்றைய ஐ.சி.சி.யூ.வின் ஆரம்பம் அது. 1966-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ் அந்தக் கருவிகளை ஆம்புலன்ஸில் ஏற்றி நோயாளியின் வீட்டுக்கே அனுப்பினார். சாகிறவர்களில் பெரும்பாலோர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்கு முன்பே சாகிறார்கள் என்பது அவர் கணக்கு. ஆனால் அடைத்த குழாயை அடைத்தபடியே விட்டுவைத்துத்தான் இவ்வளவும்.

இந்த இடத்தில் என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1988 வாக்கில் நான் வேலை பார்த்த கிளையில் எனக்கு மூத்த கேஷியர் ஒருவர் இருந்தார். அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். சம்பளத் தேதி, கூட்டம் அலைமோதுகிறது. பதினோரு மணி இருக்கும், நெஞ்சைத் தடவிக்கொண்டே நோட்டு எண்ணுகிறார். கேட்டதற்கு, "காத்துப் புடிச்சிருச்சுங்க, ஒண்ணுமில்ல" என்றார். சோடா வரவழைத்துக் கொடுத்தோம். நெற்றியெல்லாம் வியர்வை. மின்விசிறி சரியில்லை என்றார். கணக்கை முடித்து, பெட்டியைப் பூட்டி, சாவியை ஒப்படைத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார், சாயங்காலம் ஐந்தரைக்கு. ஈ.சி.ஜி. எடுத்தார்கள். எடுத்தவர் டெக்னீஷியன். அதைப் படிக்கிற டாக்டர் காலையில்தான் வருவார் என்றார்கள். தாளைத் தலையணைக்கு அடியில் வைத்தார்கள். விடியும்போது டாக்டர் வந்தார், தாளும் இருந்தது, அண்ணன் இல்லை. அந்த ஆஸ்பத்திரியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அன்றைக்குப் பல ஊர்களில் அதுதான் நடைமுறை.

அதே வருடங்களில்தான் வெளியே எல்லாம் மாறிக்கொண்டிருந்தது. 1980-இல் அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில் மார்கஸ் டிவுட் என்ற மருத்துவர், மாரடைப்பு வந்த முதல் நாலு மணி நேரத்துக்குள் நோயாளிகளின் இதயக் குழாயைப் படம் எடுத்துப் பார்த்தார். நூற்றில் 87 பேருக்குக் குழாய் முழுவதுமாக அடைத்திருந்தது. அடைத்திருந்தது ரத்தக்கட்டி. அப்படியானால் கட்டியைக் கரைத்தால்? ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்ற கரைக்கும் மருந்து 1930-களிலிருந்தே தெரிந்த ஒன்றுதான், தொண்டை வலி உண்டாக்கும் ஒரு வகைக் கிருமியிலிருந்து கிடைப்பது. 1986-இல் இத்தாலி நாட்டு ஆஸ்பத்திரிகள் சேர்ந்து பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் அதைச் சோதித்தன. மருந்து போடாதவர்களில் 21 நாளில் இறந்தவர்கள் 13 சதவீதம், போட்டவர்களில் 10.7 சதவீதம். முதல் ஒரு மணி நேரத்துக்குள் போட்டவர்களிடம் மரணம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. 1988-இல் 17,187 பேரிடம் நடந்த இன்னொரு சோதனையில், ஸ்ட்ரெப்டோகைனேஸோடு சாதாரண ஆஸ்பிரினையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஐந்து வாரத்தில் இறந்தவர்கள் 13.2 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாக இறங்கினார்கள். சில பைசா மாத்திரைக்கு அதில் பாதிப் பங்கு.

ஆனால் இந்த ஊசியில் ஒரு சிக்கல் உண்டு. ரத்தக்கட்டியைக் கரைக்கிற மருந்து மூளையில் ரத்தக் கசிவையும் உண்டாக்கலாம். யாருக்குப் போடலாம், யாருக்குப் போடக் கூடாது? 1994-இல் எல்லாச் சோதனைகளின் கணக்கையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது விடை கிடைத்தது. எஸ்.டி. தூக்கல் இருந்தவர்களுக்கும், இதயத்தின் மின்கிளையில் மின்சாரம் தடைப்பட்டிருந்தவர்களுக்கும் பலன் தெளிவாகத் தெரிந்தது. ஈ.சி.ஜி. சரியாக இருந்தவர்களுக்கும், கோடு தூக்காமல் கீழே இறங்கியிருந்தவர்களுக்கும் பலன் தெரியவில்லை, ஆபத்து மட்டும் மிச்சம்.

அன்றிலிருந்து ஈ.சி.ஜி.யின் அந்தஸ்தே மாறிவிட்டது. அதுவரை அது ஸ்டேட்மென்ட், நடந்ததைச் சொல்கிற தாள். இப்போது அது செக். அதைப் பார்த்த உடனே பணம் பட்டுவாடா ஆக வேண்டும். நேரமே தசை என்று இதய மருத்துவர்கள் சொல்வதும், வாசலில் நுழைந்த பத்து நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. என்ற விதியும் இதிலிருந்து வந்தவை.

இயந்திரமும் இதற்குள் எங்கும் கிடைக்கிற சாமானாகிவிட்டது. 1963-இல் நமக்குப் பக்கத்துப் பாலக்காட்டில் தொடங்கிய பி.பி.எல். நிறுவனத்தை டி.வி. பெட்டி வைத்து நாம் அறிவோம். சின்ன டவுன் கிளினிக்குகளில் ஈ.சி.ஜி. என்றால் பி.பி.எல். என்று இருந்த காலமும் உண்டு. பிறகு ஜி.இ. நிறுவனத்தின் பெங்களூர் பொறியாளர்கள் தோளில் மாட்டிக்கொண்டு போகும் அளவுக்கு 'மேக் 400' என்று ஒன்று செய்தார்கள். பேட்டரியில் ஓடும். பிரிண்டர் பெரிதாக இருக்கிறதே என்று யோசித்து, பஸ் டிக்கெட் அடிக்கிற மெஷினில் இருக்கும் குட்டி பிரிண்டரை அதில் வைத்துவிட்டார்கள். 270 கிலோவிலிருந்து கண்டக்டர் கையில் இருக்கும் மெஷின் வரை! ஸ்ட்ரெப்டோகைனேஸையும் 2000-களில் ஹைதராபாத் நிறுவனங்கள் உள்நாட்டிலேயே செய்ய ஆரம்பித்தன.

இயந்திரம் இருக்கிறது, மருந்து இருக்கிறது. பிறகும் ஏன் இத்தனை சாவு? 2008-இல் வெளியான ஒரு பெரிய கணக்கெடுப்பு இதற்குப் பதில் சொன்னது. இந்தியாவின் 50 நகரங்களில் 89 ஆஸ்பத்திரிகள், 20,468 நோயாளிகள். வலி ஆரம்பித்ததிலிருந்து ஆஸ்பத்திரி வந்து சேர ஆன நேரம் 360 நிமிடம். சராசரி அல்ல, வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் நேரம். அதாவது பாதிப் பேர் ஆறு மணி நேரத்துக்குப் பிறகுதான் வந்தார்கள். உள்ளே வந்த பிறகு ஊசி போட ஆன நேரம் 50 நிமிடம். கணக்குப் பிள்ளையாக இதைப் பார்த்தால், நஷ்டம் ஆஸ்பத்திரிக்குள் ஆவதைவிட வெளியேதான் அதிகம். கேஷியர் அண்ணனின் ஆறரை மணி நேரம் அவர் ஒருவருடையது மட்டுமல்ல.

இன்னொரு பக்கம், மேல்நாடுகளில் ஊசியைவிடச் சிறந்த வழியாக ஆஞ்சியோபிளாஸ்டி வந்துவிட்டது. குழாய்க்குள் பலூனை அனுப்பி அடைப்பை நீக்கி, ஸ்டென்ட் வைப்பது. அதற்கு கேத் லேப் வேண்டும், எந்த நேரமும் கூப்பிட்டால் வரும் இதய மருத்துவர் வேண்டும். பெரிய நகரத்தில்தான் அது இருக்கும். சின்ன ஊர் நோயாளியைத் தேடி கேத் லேப் வராது. நோயாளி அங்கே போகும் வழியில் நேரம் போய்விடும்.

இந்த முடிச்சை அவிழ்க்கத் தமிழ்நாட்டில் செய்த முயற்சிதான் எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகப் பிடித்த பகுதி. கோவை மெடிக்கல் சென்டர் ஆஸ்பத்திரியின் டாக்டர் தாமஸ் அலெக்சாண்டரும், சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனின் டாக்டர் அஜித் முல்லசாரியும் சேர்ந்து 'ஸ்டெமி இந்தியா' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். முதலில் கோவையையும் ஈரோட்டையும் இணைத்து ஒரு சிறிய வெள்ளோட்டம். ஆமாங்க, நாம் பாலத்தைத் தாண்டினால் வரும் அதே ஈரோடுதான். அது நடைமுறைக்கு ஒத்துவரும் என்று தெரிந்த பிறகு, தமிழக அரசின் ஒத்துழைப்போடு 2012 ஆகஸ்டில் 'டி.என். ஸ்டெமி' திட்டத்தை ஆரம்பித்தார்கள். கேத் லேப் இருந்த நாலு பெரிய ஆஸ்பத்திரிகள் அச்சு. சுற்றியிருந்த 35 சின்ன ஆஸ்பத்திரிகள் ஆரக்கால். சக்கரம் மாதிரி.

சின்ன ஆஸ்பத்திரியில் ஒரு பெட்டியை வைத்தார்கள். ஈ.சி.ஜி., ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு எல்லாவற்றையும் எடுத்து உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும். அங்கே இதய மருத்துவர் பார்த்துத் தூக்கல் இருக்கிறது என்று சொன்னால், பக்கத்தில் இருப்பவரை நேரே கேத் லேபுக்கு அனுப்புவார்கள். தூரத்தில் இருப்பவருக்கு அங்கேயே ஊசியைப் போட்டு, பிறகு ஆம்புலன்ஸில் ஏற்றி, 3 முதல் 24 மணி நேரத்துக்குள் பெரிய ஆஸ்பத்திரியில் ஆஞ்சியோகிராம். ஊசியா பலூனா என்ற சண்டையை விட்டுவிட்டு, முதலில் ஊசி, பிறகு பலூன் என்று இரண்டையும் வரிசைப்படுத்தியதுதான் இதன் சாமர்த்தியம். ஆம்புலன்ஸுக்கு 2008 செப்டம்பரிலிருந்து ஓடிக்கொண்டிருந்த 108 இருந்தது. காசுக்கு 2012 ஜனவரியில் வந்திருந்த முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு இருந்தது. ஏழைக்கும் கேத் லேப் கதவு திறக்க அது இல்லாமல் முடியாது.

பழைய வங்கி ஆட்களுக்கு இது சட்டென்று புரியும். முன்பெல்லாம் டிராஃப்ட் எடுத்தால் அந்தக் காகிதம் தபாலில் போய்ச் சேர்ந்த பிறகுதான் பணம். டி.டி. என்று தந்திப் பரிமாற்றம் ஒன்று இருந்தது. செய்தி முன்னால் போகும், பணம் தயாராக இருக்கும், ஆள் போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வார். ஸ்டெமி திட்டத்தில் ஈ.சி.ஜி. தந்தியில் போய்விடுகிறது. ஆள் போய்ச் சேரும்போது கேத் லேப் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். இன்னொன்று, கிளை மேனேஜருக்குப் 'பாஸிங் பவர்' கொடுப்பது. ஒவ்வொரு செக்குக்கும் தலைமை அலுவலகத்தின் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தால் கிளை எதற்கு? தாலுகா ஆஸ்பத்திரியில் எம்.பி.பி.எஸ். மட்டும் படித்த இளம் டாக்டருக்கு, போனில் ஒரு இதய மருத்துவரின் துணையோடு, ஊசி போடும் தைரியத்தையும் அதிகாரத்தையும் கொடுத்தது இந்தத் திட்டம். லெய்டனில் ஐந்தோவன் 1905-இல் கம்பி இழுத்துச் செய்ததும் இதுதான், நோயாளிக்கு முன்னால் அவர் இதயத்தின் செய்தியை அனுப்பியது. அது நம் ஊர்ப்பக்கத்துக்கு வந்து சேர நூறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

பலன் என்ன? 2017-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதயநோய் இதழில் முடிவு வெளியானது. திட்டம் வருவதற்கு முன் 898 பேர், வந்த பின் 1,522 பேர், மொத்தம் 2,420. ஆஞ்சியோகிராம் செய்துகொண்டவர்கள் 35 சதவீதத்திலிருந்து 60.8 சதவீதமாகக் கூடினார்கள். ஒரு வருடத்துக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தார்கள். பெரிய மாற்றமா என்று சிலர் கேட்கலாம். நூறு பேரில் மூன்று பேருக்கு மேல் கூடுதலாகப் பிழைத்திருக்கிறார்கள். அந்த மூன்று பேரின் வீட்டில் கேட்டால் தெரியும். ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். இது முன்பு, பின்பு என்று ஒப்பிட்ட கணக்கு, சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் செய்த சோதனை அல்ல. எனவே முழுப் புகழும் திட்டத்துக்கே என்று ஆடிட்டர் கையெழுத்துப் போட மாட்டார். ஆனாலும் புதிய மருந்து எதையும் கண்டுபிடிக்காமல், இருந்ததை ஒழுங்காகக் கோத்ததிலேயே இது கிடைத்தது என்பது என் கண்ணுக்குப் பெரிதாகப் படுகிறது.

பிறகு அரசு இதையே விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டத்தின் ஓர் அங்கமாக எடுத்துக்கொண்டது. 2023-இல் 'இதயம் காப்போம்' என்று இன்னொரு திட்டம். ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் நெஞ்சு வலியோடு வருபவருக்கு முதல் வேளை மாத்திரைகளை அங்கேயே கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது. ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அடோர்வாஸ்டாடின் 8, மொத்தம் 14 மாத்திரைகள். 1988-இல் அந்தப் பெரிய சோதனையில் ஆஸ்பிரின் ஜெயித்ததற்கு, முப்பத்தைந்து வருடம் கழித்து நம் கிராமத்து நர்ஸம்மா கையில் வந்த பலன் இது. மாரடைப்புதான் என்று பார்த்துக் கொடுக்க வேண்டிய மாத்திரைகள் என்பதால், வீட்டில் நாமே வாங்கி வைத்துக்கொண்டு விழுங்குவதற்கு இதில் இடமில்லை.

இப்போது நம் பள்ளிபாளையத்துக்கு வருவோம். மாவட்டம் நாமக்கல், அவசரத்துக்கு ஓடுவது ஈரோடு. பாலத்தைக் கடந்தால் ஆஸ்பத்திரிகளுக்குப் பஞ்சமில்லை, இது நம் அதிர்ஷ்டம். ஆனால் நம் பிளாக் லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருக்கும் அவசர எண்கள் பட்டியலைப் பாருங்கள். ஆஸ்பத்திரியின் பெயரும் போன் நம்பரும் இருக்கின்றன. ராத்திரி இரண்டு மணிக்கு அங்கே ஈ.சி.ஜி. எடுத்துப் படித்துச் சொல்ல ஆள் உண்டா, கரைக்கும் ஊசி கைவசம் உண்டா, கேத் லேப் இருபத்துநாலு மணி நேரமும் இயங்குமா, காப்பீட்டு அட்டையை ஏற்பார்களா என்ற நாலு விவரமும் இல்லை. அடுத்த செயற்குழுவில் இதை வைக்கச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இரண்டு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்க் கேட்டு வந்தால் முடிகிற வேலை. ஈரோட்டுப் பக்கம் பாலத்தில் நெரிசலான நேரத்தில் நம் காரில் போவதா, 108-ஐக் கூப்பிடுவதா என்ற விவாதம் சென்ற பொதுக்குழுவில் நடந்தது. காரில் நடுவழியில் துடிப்பு நின்றால் ஓட்டுகிறவரால் ஒன்றும் செய்ய முடியாது, ஆம்புலன்ஸில் முடியும் என்பது பான்ட்ரிட்ஜ் காலத்திலிருந்து தெரிந்த விஷயம். இரவு வாட்ச்மேனுக்கும் இந்தப் பட்டியலைப் படித்துக் காட்டிவிட வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகு ஈ.சி.ஜி.யின் குறையையும் சொல்லாவிட்டால் கணக்கு நேராகாது. முதல் ஈ.சி.ஜி. நார்மலாக வந்துவிட்டது என்பதால் மாரடைப்பு இல்லை என்று ஆகாது. அடைப்பு பாதியாக இருக்கலாம், விட்டு விட்டு அடைக்கலாம், பன்னிரண்டு கோணத்துக்கும் சரியாகப் படாத பின்சுவரில் இருக்கலாம். அதனால்தான் வலி இருக்கும்வரை சில நிமிட இடைவெளியில் திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள், ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனையும் சில மணி நேரம் விட்டு இரண்டு முறை பார்க்கிறார்கள். பில்லை ஏற்றுவதற்காக எடுக்கிறார்கள் என்று கேட் பக்கம் பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். இந்த விஷயத்தில் அது நியாயமில்லை. சர்க்கரை உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் பெண்களுக்கும் நெஞ்சு வலியே இல்லாமல் மூச்சு வாங்கல், வியர்வை, மேல் வயிற்றுச் சங்கடம், தாடை வலி என்று மாறு வேஷத்தில் வருவதுண்டு. நம் வீடுகளில் இதற்கெல்லாம் வாயு என்று பெயர் வைத்து ஓமத் தண்ணீர் கொடுத்துவிடுகிறோம்.

கடைசியாக அந்தப் பிளாஸ்டிக் ஃபைல். கோடு தூக்கியிருக்கிறதா என்று பார்க்கும் டாக்டர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "பழைய ஈ.சி.ஜி. இருக்குதுங்களா?" என்பது. சிலருக்குப் பிறவியிலோ பழைய மாரடைப்பினாலோ ரத்தக் கொதிப்பினாலோ கோடு எப்போதுமே கொஞ்சம் வித்தியாசமாக இருக்கும். பழைய தாளோடு ஒப்பிட்டால் புதிதாக வந்ததா, முன்பே இருந்ததா என்று தெரிந்துவிடும். ஆனால் இப்போதைய ஈ.சி.ஜி. தாள் பெரும்பாலும் சூட்டில் எழுத்து வரும் வெப்பக் காகிதம், ஏ.டி.எம். சீட்டு மாதிரி. சில வருடத்தில் மங்கி வெறும் கட்டம்தான் மிஞ்சும். பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தால் இன்னும் சீக்கிரம். எடுத்த அன்றே ஒரு ஜெராக்ஸ் போட்டு, தேதியும் வயதும் எழுதி ஃபைலில் வைத்து, செல்போனிலும் ஒரு படம் பிடித்து வெளியூரில் இருக்கும் மகனுக்கோ மகளுக்கோ அனுப்பி வைத்துவிடலாம். நம் கேட்டுக்கு எதிர்க்கடையில் ஜெராக்ஸ் இரண்டு ரூபாய்தான்.